சிட் மெயரின் பைரேட்ஸ்! – நாடுகளின் நன்மதிப்பும் வணிகமும்

சிட் மெயரின் பைரேட்ஸ்! என்பது 17ஆம் நூற்றாண்டின் கரிபியன் கடலைக் களமாகக் கொண்ட ஒரு நிகழ்பட ஆட்டம் ஆகும். இதன் முதற் பதிப்பு 1987இல் மைக்ரோபுரோஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ஆட்டக்காரர் ஒரு கப்பல் தலைவராகப் பங்கேற்று, கடற்போர், வாட்போர், துறைமுக முற்றுகை, புதையல் தேடல், வணிகம் ஆகியவற்றில் ஈடுபடுகிறார். கரிபியனில் குடியேற்றங்களை வைத்திருந்த நான்கு ஐரோப்பிய நாடுகள் ஆட்டக்காரர் மீது கொள்ளும் மதிப்பும், அம்மதிப்பைப் பொறுத்து அமையும் வணிக வாய்ப்புகளும் இவ்வாட்டத்தின் அடிப்படைக் கூறுகளாகும். இக்கட்டுரை பெரும்பாலும் 2004ஆம் ஆண்டுப் பதிப்பைக் கொண்டு அவற்றை விளக்குகிறது.

பதிப்புகள்

ஆட்டத்தை வடிவமைத்தவர் சிட் மெயர். இவர் 1982இல் பில் ஸ்டீலியுடன் இணைந்து மைக்ரோபுரோஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஆட்டத்தின் பெயரோடு அவருடைய பெயரும் இணைக்கப்பட்டது இதுவே முதன்முறையாகும். கொமடோர் 64 கணினிக்கு முதலில் வெளிவந்த இவ்வாட்டம் பின்னர் வேறு பல கணினிகளுக்கும் மாற்றப்பட்டது. 1993இல் பைரேட்ஸ்! கோல்ட் என்னும் மேம்படுத்தப்பட்ட பதிப்பு வந்தது. மெயர் பின்னர் இணைந்து தொடங்கிய பிராக்சிஸ் நிறுவனம் 2004இல் ஆட்டத்தை முற்றிலும் புதிதாக உருவாக்கியது. அப்பதிப்பு விண்டோஸ் இயங்குதளத்துக்கு முதலில் வெளியாகி, 2005இல் எக்ஸ்பாக்ஸ், 2007இல் பிளேஸ்டேசன் போர்ட்டபிள் ஆகியவற்றுக்கும் வந்தது.

நான்கு நாடுகள்

ஸ்பெயின், இங்கிலாந்து, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய நான்கும் ஆட்டத்தில் இடம்பெறும் நாடுகளாகும். ஆட்டக்காரர் தொடக்கத்தில் ஒரு நாட்டையும் ஒரு காலப்பகுதியையும் தேர்ந்தெடுக்கிறார். காலப்பகுதி முற்பட்டதாக இருந்தால் பெரும்பாலான துறைமுகங்கள் ஸ்பெயினின் வசம் இருக்கும். 1660ஐத் தேர்ந்தால் நான்கு நாடுகளுக்கும் போதிய துறைமுகங்கள் இருக்கும். எனவே, எந்தக் கொடியுடைய துறைமுகங்களில் தடையின்றி நுழைய முடியும் என்பது இத்தேர்விலிருந்தே தொடங்குகிறது.

நாடுகளுக்கிடையே போரும் சமாதானமும் மாறி மாறி வருகின்றன. ஒரு நாட்டின் கப்பலைத் தாக்கிப் பிடித்தால் அந்நாட்டின் பகை வளர்கிறது. அதே வேளையில் அந்நாட்டுடன் போரிலிருக்கும் நாடுகளின் நன்மதிப்பு கூடுகிறது. எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தும் ஸ்பெயினும் போரிடும்போது ஒரு ஸ்பானியச் சரக்குக் கப்பலைப் பிடிப்பவரை ஆங்கிலேய ஆளுநர் பாராட்டி வரவேற்பார். அவ்விரு நாடுகளும் சமாதானமான பின்னர் அதே செயலுக்குப் பாராட்டு இல்லை. ஸ்பெயினின் பகை மட்டுமே எஞ்சும். செயல் ஒன்றே ஆயினும், அது தொண்டா குற்றமா என்பதை அன்றைய அரசியல் நிலைமையே தீர்மானிக்கிறது. ஆகவே துறைமுகந்தோறும் கிடைக்கும் போர்ச் செய்திகள் ஆட்டக்காரருக்கு விலை விவரங்களைப் போலவே இன்றியமையாதவை.

பதவிகளும் நிலக்கொடையும்

நன்மதிப்பு போதிய அளவு உயர்ந்ததும் அந்நாட்டின் ஆளுநர் ஆட்டக்காரருக்கு, பகைநாட்டுக் கப்பல்களைப் பிடிப்பதற்கான அரச அனுமதிக் கடிதத்தை வழங்குகிறார். அடுத்தடுத்து கேப்டன், மேஜர், கர்னல், அட்மிரல் ஆகிய படைப் பதவிகளும், பின்னர் பாரன், கவுண்ட், மார்க்விஸ், டியூக் ஆகிய பிரபுப் பட்டங்களும் கிடைக்கின்றன. பதவிகளுடன் நிலமும் ஏக்கர் கணக்கில் கொடையாக வழங்கப்படுகிறது. பதவி உயர உயர அந்நாட்டுத் துறைமுகங்களில் சலுகைகளும் பெருகுகின்றன.

ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் பதவிகளைத் தாங்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் இதற்குப் பொறுமை தேவை. ஒரு நாட்டுக்காக மற்றொன்றைத் தாக்கி, போர்களின் போக்கு மாறியபின் முன்னர் பகைத்த நாட்டின் நட்பைத் தேட வேண்டியிருக்கும்.

பகைத்த துறைமுகத்தைத் தரைவழியே தாக்கிக் காவற்படையை வீழ்த்தினால், அந்நகரில் வேறொரு நாட்டின் ஆளுநரை அமர்த்தவும் வாய்ப்பு உண்டு. இதனால் நகரைப் பெறும் நாடு பெரிதும் மகிழும். இழக்கும் நாடு பெரிதும் சினக்கும்.

பகைமையின் விளைவுகள்

ஒரு நாட்டின் பகை முற்றும்போது அந்நாடு ஆட்டக்காரரின் தலைக்கு விலை அறிவிக்கிறது. அவரைத் தேடிப் போர்க்கப்பல்கள் அனுப்பப்படுகின்றன. அந்நாட்டுத் துறைமுகத்தை நெருங்கினால் கோட்டைப் பீரங்கிகள் சுடத் தொடங்கும். இருளில் ஒளிந்து நகருக்குள் நுழைய முயலலாம். ஆனால் காவலரிடம் அகப்பட்டால் சிறைவாசம் நேரும். சிறையில் கழியும் மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை. ஆட்டத்தில் தலைவருக்கு வயது ஏறிக்கொண்டே போவதாலும், உடல்நலம் குன்றுவதாலும் காலமே அவருடைய மிக அரிய முதலாகும்.

இழந்த மதிப்பை மீட்க வழிகள் உள்ளன. ஒன்று, பகைத்த நாட்டின் எதிரிகளைத் தாக்கி அதன் மனத்தை மாற்றுவது. மற்றொன்று, இயேசு சபைத் துறவிகளின் மடங்களை நாடுவது. அம்மடத் தலைவர் ஆட்டக்காரருக்காகப் பரிந்து பேச முன்வரக்கூடும். கடற்கொள்ளையரின் புகலிடங்கள் எந்நாட்டுக்கும் உட்படாதவை. ஆதலால் எல்லா நாடுகளும் பகைத்த தலைவரும் அங்கே ஒதுங்கி மாலுமிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வணிகம்

2004ஆம் ஆண்டுப் பதிப்பில் உணவு, பொதுச் சரக்கு, ஆடம்பரப் பொருள்கள், வாசனைத் திரவியங்கள், சர்க்கரை ஆகிய ஐந்து வகைச் சரக்குகள் உள்ளன. பீரங்கிகளையும் வாங்கவும் விற்கவும் முடியும். ஒரே பொருளின் விலை துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபடும். மலிவான இடத்தில் வாங்கி உயர்ந்த விலையுள்ள இடத்தில் விற்பதே வணிகத்தின் எளிய முறையாகும். ஆனால் பின்வரும் காரணிகள் அதைக் கட்டுப்படுத்துகின்றன.

நகரின் வளம்: ஒவ்வொரு நகருக்கும் மக்கள்தொகையும் செல்வநிலையும் உண்டு. வறிய சிற்றூரின் வணிகரிடம் சரக்கும் பொன்னும் குறைவு. பெரிய கொள்ளையுடன் அங்கு வந்தால், வணிகரின் பொன் தீர்ந்த பின்னும் சரக்கு எஞ்சியிருக்கும்.

மாலுமிகளின் எண்ணிக்கை: போருக்கு மாலுமிகள் மிகுதியாக வேண்டும், ஆனால் அவர்கள் உண்ணும் உணவு சரக்கறையில் இடம் பிடிக்கும். பீப்பாய் செய்யும் கைவினைஞர் கப்பலில் இருந்தால் உணவு வீணாவது குறையும். வணிகத்தை மட்டும் நாடுபவருக்குச் சிறிய குழுவே போதுமானது.

காற்று: கரிபியனில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசுகிறது. எனவே மேற்கு நோக்கிய பயணம் விரைவாகவும் கிழக்கு நோக்கிய பயணம் மெதுவாகவும் அமையும். பயணம் நீண்டால் மாலுமிகளின் மனநிறைவு குறைந்து, கலகம் வரை செல்லலாம்.

நன்மதிப்பும் வணிகமும் இணையும் விதம்

கைப்பற்றிய சர்க்கரைக்கு அதை வாங்கும் துறைமுகம் கிடைக்கும் வரை மதிப்பு இல்லை. பிடித்த கப்பல்களை விற்பதற்கும், சிதைந்த கப்பலைச் செப்பனிடுவதற்கும் துறைமுகத்தில் நுழைந்தாக வேண்டும். நான்கு நாடுகளையும் வேறுபாடின்றிக் கொள்ளையிடும் ஆட்டக்காரர், நிறைந்த சரக்கறையுடன் விற்பதற்கு இடமின்றி அலைய நேரிடும். இக்காரணத்தால் அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் அருகருகே துறைமுகங்களைக் கொண்ட இரண்டு நாடுகளின் நட்பையாவது காத்துக்கொள்வது வழக்கம்.

கொள்ளை நகரங்களின் வளத்தையும் தாக்குகிறது. ஒரு துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல்கள் தொடர்ந்து பிடிக்கப்பட்டால் அந்நகர் நலிவடையும். நலிந்த நகரில் வாங்குவதற்கும் விற்பதற்கும் அதிகம் இராது. மாறாக, குடியேறிகளை ஏற்றிவரும் கப்பலுக்குத் துணை சென்று நட்புத் துறைமுகத்தில் சேர்த்தால் அந்நகர் வளரும். இவ்வாறு ஆட்டக்காரர் தம் சந்தையைத் தாமே வளர்க்கவும் அழிக்கவும் இயலும்.

வரலாற்றுடன் ஒப்பீடு

ஆட்டத்தின் நன்மதிப்பு முறைக்கு வரலாற்று அடிப்படை உண்டு. ஸ்பெயின் தன் அமெரிக்கக் குடியேற்றங்களின் வணிகத்தை 1503இல் செவில் நகரில் நிறுவிய வணிக மன்றத்தின் மூலம் தன்னிடமே வைத்துக்கொள்ள முயன்றது. பிற நாடுகள் தனியார் கப்பல்களுக்கு அனுமதிக் கடிதம் அளித்து அவ்வணிகத்தைத் தாக்கின. ஹென்றி மார்கன் 1671இல் பனாமா நகரைச் சூறையாடினார். ஆனால் 1670இலேயே இங்கிலாந்தும் ஸ்பெயினும் மாட்ரிட் உடன்படிக்கையைச் செய்திருந்தன. கைதாகி இலண்டனுக்கு அனுப்பப்பட்ட மார்கன், 1674இல் வீரத்திருத்தகை பட்டம் பெற்று, ஜமைக்காவின் துணை ஆளுநராகத் திரும்பினார்.

வில்லியம் கிட் என்பவருக்கு அத்தகைய நல்வாய்ப்பு அமையவில்லை. ஆங்கில அரசின் அனுமதியுடன் புறப்பட்ட அவர், 1698இல் இந்தியாவின் மலபார்க் கரையை ஒட்டிய கடலில், ஆர்மீனிய வணிகர்களின் சரக்கை ஏற்றிவந்த குவேடா மெர்ச்சன்ட் என்னும் கப்பலைப் பிடித்தார். அக்கப்பல் பிரெஞ்சு அனுமதிச்சீட்டுடன் சென்றதால் தம் செயல் சட்டப்படியானதே என்று அவர் வாதிட்டார். விசாரணையின்போது அச்சீட்டுகள் கிடைக்கவில்லை. கொலைக் குற்றத்துக்காகவும் கடற்கொள்ளைக்காகவும் 1701இல் அவர் இலண்டனில் தூக்கிலிடப்பட்டார். காணாமற்போன சீட்டுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன. கிட்டும் மார்கனும் 2004ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆட்டக்காரரின் போட்டியாளர்களாக இடம்பெறுகின்றனர்.

ஆட்டத்தின் சந்தைக்கும் வரலாற்றுச் சந்தைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உள்ளது. ஆட்டத்தின் சரக்குப் பட்டியலில் அடிமைகள் இல்லை. ஆயினும் கரிபியன் தீவுகளின் சர்க்கரை, பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட மக்களின் உழைப்பால் விளைந்தது. 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். ஆட்டத்தில் ஒரு சரக்காக மட்டுமே தோன்றும் சர்க்கரையின் விலையில் இவ்வரலாறு புலப்படுவதில்லை.

தனியார் கப்பல்களுக்கு அனுமதிக் கடிதம் வழங்கிப் போரிடும் வழக்கத்தை, 1856இல் ஏற்பட்ட பாரிஸ் சாற்றுரையில் கையெழுத்திட்ட நாடுகள் கைவிட்டன.