ஊத்திக் கொடுத்தது யார்?

"அவ ஏன் குடிச்சவ?" போதையில் இருந்த பெண்ணொருத்தி வல்லுறவுக்கு உள்ளானாள் என்று செய்தி வந்தால், எங்கட மட்டக்குளியிலும் சரி, பேஸ்புக்கிலும் சரி, முதல்ல வாற கேள்வி இதுதான். சட்டமும் இப்படித்தான் கேட்குதா? கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்போம்.

1845இல் இங்கிலாந்தில் கேம்ப்லின் வழக்கு. சிறுமி ஒருத்திக்கு மது கொடுத்து, அவள் உணர்விழந்த பிறகு ஒருவன் வல்லுறவு செய்தான். அவள் எதிர்த்துப் போராடாவிட்டாலும் அது வல்லுறவுதான் என்று நீதிபதிகள் முடிவெடுத்தார்கள்.

1883இல் இலங்கைக்குத் தண்டனைச் சட்டக்கோவை வந்தது. எதற்குச் சம்மதிக்கிறோம், அதனால் என்ன வரும் என்று விளங்காத அளவு போதையில் ஒருவர் தரும் சம்மதம் சம்மதமே அல்ல என்கிறது அதன் 83ஆம் பிரிவு. ஊத்திக் கொடுத்தது யார் என்று அது கேட்கவில்லை. 79ஆம் பிரிவோ, தானாகக் குடித்தவனுக்குக் குடிக்காதவனின் அறிவு இருந்ததாகவே கொள்ளச் சொல்கிறது. "வெறியில செய்திட்டன்" என்று அவன் சாட்டுச் சொல்ல ஏலாது.

1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், வல்லுறவை வரையறுக்கும் 363ஆம் பிரிவைப் புதிதாக எழுதியது. சம்மதம் இல்லை என்று நிரூபிக்க உடம்பில் காயம் இருந்தாக வேண்டியதில்லை என்று அது தெளிவாகச் சொன்னது பெரிய முன்னேற்றம். ஆனால் போதை பற்றிய வரி, அந்த ஆணோ வேறொருவரோ கொடுத்ததால் வந்த போதையை மட்டுமே சொல்லுது. அப்ப, தானே வாங்கிக் குடிச்சவள்? அந்த வரிக்குள் அவள் இல்லை. அவளுக்காக வாதாட 1883இன் பொதுவிதிக்குத்தான் திரும்ப வேண்டும். இந்தியாவின் 1983 திருத்தத்தில் இந்தச் சிக்கல் இல்லை. போதை எப்படி வந்தாலும், அவளுக்கு விளங்கியதா என்பதே அங்கே கேள்வி.

2007இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிரீ வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: குடித்தவரும் சம்மதிக்கலாம்; ஆனால் முழுதாக மயங்க முன்னமே சம்மதிக்கும் திறன் போய்விடலாம்.

இங்கே 1979இன் மதுவரி அறிவித்தலொன்று பெண்களுக்கு மது விற்பதையே தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர தடையை நீக்கினார். சில நாட்களிலேயே அதை ரத்துச் செய்யச் சொன்னார் ஜனாதிபதி சிறிசேன. பெண் குடிப்பதையே பிழையாகப் பார்க்கும் நாட்டில், சாட்சிக்கூண்டில் நிற்பவளிடம் அவள் குடித்த கிளாஸ்களின் கணக்கைக் கேட்பது லேசு.

நாங்கள் கேட்க வேண்டியது வேற: அந்த நேரம் அவளுக்கு விளங்கியதா? அவள் இருந்த நிலை அவனுக்குத் தெரிஞ்சுதா? 363ஆம் பிரிவும் இதையே கேட்கும்படி திருத்தப்பட வேண்டும்.