தாய்க்குரிய அரை நாழிகை



வீட்டில் எவருக்கு நோய் வரினும் கண்விழித்திருப்பவள் தாய். அவளுடைய முதுகுவலியை எவரும் வினவுவதில்லை, அவளும் உரைப்பதில்லை. தன் உடலைப் பேணும் உரிமை பெண்ணுக்கும் உண்டென்பதை யோகக் கலையின் அண்மைக்கால வரலாறு நன்கு விளக்குகின்றது.

யோகம் நெடுங்காலமாகப் பெரும்பாலும் ஆடவர்க்கும் துறவியர்க்குமே உரியதெனக் கருதப்பட்டது. 1918ஆம் ஆண்டில் பம்பாயில் யோகேந்திரர் நிறுவிய யோக நிலையம் அதனை இல்லறத்தாருக்கும் கற்பித்தது. அவர்தம் மனைவியார் சீதாதேவி, குழந்தை வளர்த்துவந்த தாய். அவர் 1934இல் பெண்களுக்கென்றே யோகப் பயிற்சி நூலொன்றை வெளியிட்டார்.

மைசூர் அரண்மனையின் ஆதரவில் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்திய காலமும் அதுவே. இந்திராதேவி என்னும் ஐரோப்பிய மாது 1937ஆம் ஆண்டளவில் அங்கே பயில விரும்பினார். ஆசிரியர் முதலில் மறுத்தார். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் பரிந்துரைத்த பின்னரே ஏற்றார். ஆயினும், 1938இல் எடுக்கப்பட்ட சலனப்படத்தில் அவ்வாசிரியரின் மனைவியார் நாமகிரியம்மாளே ஆசனங்கள் செய்யக் காண்கின்றோம். இல்லத்துள் பெண்ணுக்குப் பொருந்திய கலை, வெளியே மட்டும் பொருந்தாதொழியுமோ? மறுத்த அவரே பின்னர் இந்திராதேவியைப் பிறர்க்குக் கற்பிக்குமாறு பணித்தார்.

கருவுற்றோரும் புதிதாய் மகப்பெற்றோரும் மருத்துவரைக் கேட்டே பயிலுதல் வேண்டும்.

மைசூரிலே கதவு திறக்க மன்னர் வேண்டியிருந்தது. நம் இல்லத்தில் தாய்க்கு நாள்தோறும் அரை நாழிகை ஒதுக்க மன்னர் எவரும் வேண்டா. கணவரும் மக்களும் அவள் வேலையிற் சிறிது பகிர்ந்துகொண்டாற் போதும்.