சீனிக் கணக்கில் விடுபட்ட கரை

எங்கள் பக்கத்தில் இந்த நோய்க்குப் பெயர் சீனி வருத்தம். யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்பார்கள். பாடநூல்கள் நீரிழிவு என்று எழுதும். மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் கரையில் எந்த வீட்டு விறாந்தையில் போய் அமர்ந்தாலும், தேநீர் வருமுன் "உங்களுக்குச் சீனி இருக்கா?" என்று கேட்பார்கள். கேட்பது நோயைப் பற்றித்தான். இருக்கிறது என்றால் வெறுந்தேநீர் வரும், அதோடு அந்த வீட்டில் யார் யாருக்கு எத்தனை வருடமாக இருக்கிறது என்ற கதையும் வரும்.

நெடுங்காலம் செய்தி மேசையில் இருந்தவன் நான். இந்தக் கரையின் மரணங்களை எண்ணியே எனது பத்திரிகை வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. துப்பாக்கிச் சூடு, குண்டுவெடிப்பு, படுகொலை. பின்னர் 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். அந்த எண் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. சீனியினால் போனவர்களை எந்தப் பத்திரிகையும் எண்ணவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வரும்போது இன்னாரின் தகப்பனார், இன்னாரின் மாமனார் என்று உறவுமுறை எல்லாம் சொல்வார்கள், காரணம் சொல்வதில்லை.

இப்படி எண்ணாமல் விட்டதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் பணத்தின் வரலாறு.

இலங்கையில் நீரிழிவின் பரவலைக் கணக்கெடுக்கும் முயற்சிகள் 1990களில் சிறிய அளவில் தொடங்கின. கிராமியச் சமூகமொன்றில் நடத்தப்பட்டு 1993இல் வெளியான ஆய்வு 2.5 வீதம் என்றது; அடுத்த ஆண்டு வெளியான, நகரை அண்டிய பகுதியொன்றின் ஆய்வு 5 வீதம் என்றது. 2005இல் மேல், தென், ஊவா, வடமத்திய மாகாணங்களில் 30 முதல் 65 வயது வரையானோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஏறத்தாழ 14 வீதத்தைக் காட்டியது. கிழக்கு இவற்றில் இல்லை. சிறிய நிதியில் நடக்கும் ஆய்வு, ஆய்வாளர் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய இடத்திலேயே நடக்கும். அதைக் குறையாகச் சொல்லிப் பயனில்லை.

பெரிய முயற்சி 2005 ஆகஸ்ட்டில் தொடங்கியது. இலங்கை நீரிழிவு மற்றும் இருதய நோய் ஆய்வு என்பது அதன் பெயர். கொழும்பு மருத்துவ பீடத்தைச் சேர்ந்த பிரசாத் கட்டுலந்த முன்னின்று நடத்தினார். பேராசிரியர் ரெஸ்வி ஷெரீப் முதலானோர் உடனிருந்தனர். இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நீரிழிவு மையமும் இலங்கையின் தேசிய விஞ்ஞான மன்றமும் பணம் தந்தன. 5,000 பேரை அழைத்தார்கள். 4,532 பேர் வந்தார்கள். 2008இல் முடிவு வெளியானது: வளர்ந்தோரில் 10.3 வீதம் பேருக்கு நீரிழிவு, நகர்ப்புறத்தில் 16.4, கிராமப்புறத்தில் 8.7. நோயுள்ளோரில் மூன்றிலொரு பங்கினருக்கும் அதிகமானோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர்.

ஏழு மாகாணங்களில் எடுத்த கணக்கு அது. பாதுகாப்பு நிலைமை காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. ஆய்வாளர்கள் அதை மறைக்கவில்லை, கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். அன்றைய நிலையும் அப்படித்தான். 2002 போர்நிறுத்தம் கிழிந்துகொண்டிருந்தது. கள ஆய்வு முடியுமுன்னரே, 2006 நடுப்பகுதியில், மாவிலாறில் சண்டை மூண்டது. இரத்தம் எடுக்க ஊசியுடன் வீடு வீடாகப் போகும் தாதியரை அந்த நாட்களில் யார் அனுப்புவார்?

ஆனால் அதன் பிறகு நடந்ததில் எங்களைப் போன்றோருக்குப் பங்குண்டு. அந்த 10.3 வீதம் மருத்துவ மாநாடுகளிலும் மேடைகளிலும் "இலங்கையின்" எண்ணாகியது. நானும் அப்படியே தலைப்பிட்டேன்: இலங்கையரில் பத்திலொருவருக்கு நீரிழிவு. எந்த இலங்கை என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பத்திரிகை கல்முனையில் விற்றது. அதை வாசித்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டவரல்லர்.

விடுபட்டது வெறும் நிலப்பரப்பு மட்டுமென்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இந்தக் கரை நகரம் என்ற வகையிலும் அடங்காது, கிராமம் என்ற வகையிலும் அடங்காது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். இடையில் ஒடுங்கிய நிலத்தில் வீட்டோடு வீடு ஒட்டி நெருங்கிய குடியிருப்பு. தொழிலால் விவசாயி, வாழிடத்தால் நகரவாசி. தாக்கத்தியால் வேளாண்மை வெட்டிய இடத்தில் இயந்திரம் வந்துவிட்டது. சோற்றின் அளவு மட்டும் வெட்டுக்காரனின் அளவிலேயே நின்றுவிட்டது. கலியாண வீட்டுச் சஹனும் அதற்குப் பின் வரும் வட்டிலப்பமும் குறையவில்லை. (வட்டிலப்பத்தை நான் குறை சொல்லவில்லை, சொன்னால் வீட்டில் விடமாட்டார்கள்.)

நோன்பின் கதை வேறு. நோன்பு காலத்தில் நீரிழிவாளருக்கு என்ன நேர்கிறது என்பதை 2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளரிடம் ஆராய்ந்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. இரண்டாம் வகை நீரிழிவுள்ளோரில் ஐந்தில் நால்வர் அளவில் குறைந்தது 15 நாட்கள் நோன்பிருந்தனர். மயக்கத்தில் ஆழ்த்தும் அளவுக்குச் சீனி கடுமையாக இறங்குவது மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு அதிகம். மருந்தின் அளவையும் நேரத்தையும் நோன்புக்கு முன்பே மாற்றியமைக்க வேண்டும் என்று வைத்தியர்கள் இன்று வற்புறுத்துவதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். இந்தியா, பங்களாதேஷ், மலேசியா, மொரோக்கோ எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இலங்கை இல்லை. ஆக, தேசியக் கணக்கிலும் நாங்கள் இல்லை; முஸ்லிம்களின் கணக்கிலும் இல்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கலாம். 1922 ஜனவரியில் ரொறன்ரோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கான உரிமையை பான்ரிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அந்த உரிமையிலிருந்து கிடைத்த வருமானம் பிறகு அங்கேயே ஆராய்ச்சிக்குச் சென்றது. அதே ஆண்டு அங்கு சென்ற டென்மார்க் விஞ்ஞானி ஒகஸ்ட் குரோ, நீரிழிவுள்ள தம் மனைவியையும் மனதிற்கொண்டு, இன்சுலின் தயாரிக்கும் அனுமதியோடு ஊர் திரும்பினார். அதன் வழிவந்த நோவோ நோர்டிஸ்க் கம்பெனி 2002இல் உலக நீரிழிவு மன்றத்தை நிறுவியது. இலங்கை மருத்துவச் சங்கத்தின் 'நிரோகி லங்கா' திட்டத்துக்கு உதவியது அந்த மன்றம்தான். இன்சுலின் விற்ற பணம் இன்சுலின் தேவைப்படாதிருக்க வழி தேடுகிறது. முரண் என்று சிலர் சொல்லலாம். நான் அதைப் பெரிதுபடுத்தமாட்டேன். பணம் வந்ததே பெரிது.

அயலில் வேறொரு வழி இருந்தது. சென்னையில் எம். விஸ்வநாதன் 1948இலேயே ஸ்ரான்லி அரச மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 2008இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அரசாங்கப் பணத்தில் பெரும் கணக்கெடுப்பொன்றை ஆரம்பித்தது. தமிழ்நாடு முதற்கட்டத்திலேயே இடம்பெற்றது. சென்னையின் வி. மோகன் குழு அதை முன்னெடுத்தது. 31 மாநிலங்களையும் ஆட்சிப் பகுதிகளையும் ஒவ்வொன்றாக முடித்து 2023இல் மொத்த முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் களத்தில் நின்றார்கள். ஒரு அரசு தொடர்ந்து பணம் தந்தால்தான் ஒரு கணக்கு இவ்வளவு காலம் காத்திருக்க முடியும். வெளிநாட்டு நிதிக்கு முடிவுத் திகதி உண்டு. யுத்தம் ஓயும்வரை அது பொறுக்காது.

யுத்தம் 2009இல் ஓய்ந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் கொழும்பிலுள்ள சுகாதாரக் கொள்கை நிறுவகம் நாடு முழுவதிலும் 6,600க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தது. இம்முறை பணம் சுவிட்சர்லாந்திலிருந்து. ரவி றன்னன்எலிய குழுவினரின் கட்டுரை 2023இல் வெளிவந்தது: வளர்ந்தோரில் 23 வீதத்தினருக்கு நீரிழிவு, மேலும் 30.5 வீதத்தினர் அதன் வாசலில். 2008இல் வெளியான ஆய்வு 2030க்கு எதிர்வுகூறியிருந்ததே 13.9 வீதம்தான். இரு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல என்பதால் எண்ணோடு எண்ணை நேராக ஒப்பிடக் கூடாது. ஆயினும் இடைவெளி சிறியதல்ல.

அக்கட்டுரையின் சுருக்கத்தில் ஒரு வரி உண்டு. நோய் யாரிடம் அதிகம் என்று சொல்லும் வரி அது: பெண்கள், நகரவாசிகள், வசதி கூடியோர், முஸ்லிம்கள்.

கடைசிச் சொல்லில் நெடுநேரம் நின்றேன். விடுபட்டுக் கிடந்தவர்களே கூடுதலாக நோயுற்றவர்கள். 2006க்கும் 2018க்கும் இடையே எத்தனை ஜனாஸா அறிவித்தல்களைக் கேட்டிருப்பேன்! காலை இழந்து கட்டிலில் கிடந்தவர்கள், வாரம் இரண்டு முறை இரத்தச் சுத்திகரிப்புக்கு வேனில் போய் வந்தவர்கள், பார்வை மங்கிக் குர்ஆனை மனனத்தில் மட்டும் ஓதியவர்கள். எனது மாமி ஒருவரும் அவர்களில் உண்டு. பத்திலொருவர் என்று நான் தலைப்பிட்ட பத்திரிகையை அவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அப்ப நமக்கெல்லாம் வராது மகன்" என்று சிரித்தார்.