காற்று போட்ட பாதை

1488-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவந்த பார்த்தலோமியோ டயஸ், கரையோரமாகவே தெற்கே போகப் பார்த்துப் பட்ட பாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். எதிரே தென்கிழக்குக் காற்று. அடியில் வடக்கு நோக்கி இழுக்கும் நீரோட்டம்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1497 ஜூலை 8 அன்று, வாஸ்கோ ட காமா நான்கு கப்பல்களோடு லிஸ்பனை விட்டார். ஆகஸ்ட் 3-இல் கேப் வெர்டே தீவுகளைத் தாண்டியதும் அவர் கரையை நாடவில்லை. அட்லாண்டிக்கின் நடுவே மேற்காக விலகி, வில்லாக வளைந்து தெற்கே இறங்கினார். அங்கே வீசும் மேல்காற்று கப்பலைத் தானே கிழக்கே கொண்டுபோய்விடும். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஊர் திரும்பும்போது இப்படிச் சுற்றி வருவது போர்த்துகீசிய மாலுமிகளுக்குப் பழக்கம்தான். ஆனால் இது அதைவிடப் பல மடங்கு பெரிய சுற்று.

ஆகஸ்ட் 22 அன்று கொக்கு போன்ற பறவைகளைக் கண்டார்கள். இரவானதும் அவை கரை தேடுவதுபோல் தென்கிழக்குப் பக்கமாக விரைந்து பறந்ததாக, உடன் சென்ற ஒருவர் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பிறகும் நெடுநாள் தண்ணீரைத் தவிர வேறொன்றுமில்லை. நவம்பர் 4-இல் நிலம் தெரிந்தபோது நல்ல உடை உடுத்தி, கொடிகள் ஏற்றி, பீரங்கி முழக்கினார்கள். நிலத்தையே காணாமல் ஏறத்தாழ 90 நாள்! கொலம்பஸ் கேனரித் தீவுகளிலிருந்து மேற்கே கரை காண ஆனது 36 நாள்தான்.

காற்றை இவ்வளவு மதித்தவர் அரபிக்கடலில் அதை மறந்தார். போகும்போது கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மாலிந்தியின் மன்னர் தந்த வழிகாட்டியோடு 1498 ஏப்ரல் 24-இல் புறப்பட்டு, தென்மேற்குக் காற்றின் துணையால் மே 20-இல் கோழிக்கோட்டில் நங்கூரம் பாய்ச்சினார். திரும்பும்போது வாடை தொடங்கும்வரை பொறுக்கவில்லை. அக்டோபர் 5-இல் கார்வாருக்கு அருகிலுள்ள அஞ்சதீவை விட்டவர், ஆப்பிரிக்கக் கரையைக் கண்டது 1499 ஜனவரி 2-இல். எதிர்க்காற்றும் காற்றே இல்லாத நாட்களுமாக மூன்று மாதம் கழிந்தது. ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கிப் பல்லை மூடியது. சுமார் முப்பது பேர் மாண்டார்கள். கப்பலுக்கு ஏழெட்டுப் பேரே வேலை செய்யும் நிலையில் இருந்தார்கள். ஓட்ட ஆளில்லாமல் சாவோ ரஃபேல் என்ற கப்பலைத் தாங்களே கொளுத்திவிட்டுப் போனார்கள்.

பாய்மரக் காலத்தில் தூரத்தை அளந்தது காற்று. அதோடு போனால் சுற்றுவழியும் கரை சேர்க்கும். அதை மீறினால் நேர்வழியும் ஆளைத் தின்னும். அந்த முப்பது பேர் உயிரைக் கொடுத்துப் படித்த பாடம் இது.

அட்லாண்டிக்கில் இதே வளைவை இன்னும் அகலமாக எடுத்த போர்த்துகீசியத் தளபதி கப்ராலின் கண்ணில், 1500 ஏப்ரல் 22 அன்று மேற்கே ஒரு மலை தென்பட்டது. அது எந்த நாடு?

(அடுத்த வாரம்)