திருச்சி சுருட்டைப் பிடித்தது யார்?

ஷெர்லாக் ஹோம்ஸ் படிக்கிற திருச்சிக்காரர் யாரானாலும் ஒரு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஹோம்ஸின் முதல் கதை, 1887-ல் வந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’. லண்டனில் பிரிக்ஸ்டன் சாலைப் பக்கம் ஒரு காலி வீட்டில் பிணம் கிடக்கிறது. தரையில் கொஞ்சம் சாம்பல். ஹோம்ஸ் அதைப் பொறுக்கி ஒரு உறையில் போட்டுக்கொள்கிறார். கருமையாக, செதில் செதிலாக இருக்கும் இந்தச் சாம்பல் திருச்சினாப்பள்ளி சுருட்டில்தான் வரும் என்று சொல்லிவிடுகிறார்.

எங்க ஊரு உறையூர். சுருட்டுக்குப் பேர்போன ஊர். காலேஜில் இதை முதல்முறை படித்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரர் பெயரை அச்சில் பார்த்த மாதிரி இருந்தது. பல வருஷம் இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன வாரம் மறுபடி படித்தபோதுதான் கேட்டுக்கொண்டேன்: சரி, அந்தச் சுருட்டைப் பிடித்தது யாரு?

கொலைகாரன். (கதை வந்து நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, முடிவைச் சொன்னதற்கு மன்னிக்கவும்.) பழி வாங்க அமெரிக்காவிலிருந்து தேடி வந்து, கையில் காசு தீர்ந்து, பிழைப்புக்கு லண்டனில் குதிரை வண்டி ஓட்டுகிறவன். திருச்சி சுருட்டு அன்றைக்கு லண்டனில் என்னவாக இருந்தது என்பது இதிலேயே இருக்கிறது. அது பிரபு வீட்டுச் சரக்கில்லை. காரமான, முரட்டுத்தனமான, ஒரு வண்டிக்காரனுக்குக் கட்டுப்படியாகிற சுருட்டு. ஊர்ப்பெருமையில் நாம் இந்தப் பாதியை விட்டுவிடுகிறோம்.

சர்ச்சில் கதையும் இப்படித்தான். அவர் விரும்பிப் பிடித்தது உறையூர் சுருட்டு என்று எங்க ஊரில் சொல்வார்கள். ஆனால் அவர் 1895-லேயே கியூபாவுக்குப் போய்விட்டார், பெங்களூரில் பட்டாளத்தில் இருந்தது அதற்கு அடுத்த வருஷம்தான். அவர் வாழ்நாள் முழுக்க நாடியது ஹவானா சுருட்டுகளை. ஏழு அங்குல நீளச் சுருட்டு ஒன்றுக்கே ‘சர்ச்சில்’ என்று பெயர் வைத்தார்கள், அதுவும் ‘ரோமியோ இ ஹூலியெத்தா’ என்கிற கியூபா பிராண்டில்.

அப்போ நமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அந்தப் பெயரே நம்முடையது. 1492-ல் கொலம்பஸின் ஆட்கள் இரண்டு பேர் கியூபாவில் மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைப் பார்த்தார்கள். போர்த்துகீசியர் வழியாக அந்தச் செடி இந்தியாவுக்கு வந்தது. வடக்கே வெளிநாட்டுப் பெயரையே ‘தம்பாக்கு’ என்று வைத்துக்கொண்டார்கள். தமிழில் புகையிலை என்று புதிதாகப் பெயர் சூட்டினோம், சுருட்டியதைச் சுருட்டு என்றோம். அதுதான் போர்த்துகீசிய மொழியில் ‘ஷருட்டு’, ஆங்கிலத்தில் ‘ஷெரூட்’. இன்றைக்கு பிரேசிலில் ஒருவர் அசல் ஹவானா சரக்கைக் கேட்டாலும் ‘ஷருட்டு குபானு’ என்றுதான் கேட்க வேண்டும். இலை அங்கிருந்து வந்தது, சொல் இங்கிருந்து போனது.

ஆங்கிலத்தில் ஷெரூட்டும் சிகாரும் ஒன்றில்லை. ஹவானா சிகாரின் ஒரு முனையை இலையாலேயே தொப்பி மாதிரி மூடிவிடுவார்கள். அதை நறுக்க ஒரு கருவி, நறுக்குவதற்கு ஒரு பாணி, அதற்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் பிராந்தி என்று ஒரு சடங்கே உண்டு. நம் சுருட்டு இரண்டு பக்கமும் வெட்டித் திறந்தது. வாங்கினோமா, பற்றவைத்தோமா, வேலையைப் பார்த்தோமா! கருவி விற்க வழியே இல்லை.

அந்தச் சடங்கின் மேல் நம் ஊர் வியாபாரிகளுக்கும் ஆசை இருந்தது. திருச்சி சுருட்டு என்று பெயர் வாங்கியதில் பெரும்பங்கு திண்டுக்கல் பக்கத்துப் புகையிலை. மதராஸ் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் பெரிய சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் ப்யூலே கடைக்காரர்கள் விளம்பரம் செய்த சுருட்டின் பெயர் ‘ஃப்ளோர் டி திண்டிகல்’. திண்டுக்கல் பூவாம்! ஸ்பானிஷ் பொட்டு வைத்தால்தான் துரைமார் திரும்பிப் பார்ப்பார்கள்.

துரைமாருக்கான இந்தச் சுருட்டுகளுக்கு மேலிலையைச் சுமத்ராவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் இறக்கினார்கள். மெல்லிய, கறையில்லாத இலை. சுமத்ராவின் டெலி பகுதியில் 1863-க்குப் பிறகு டச்சுக்காரர்கள் வளர்த்த தோட்டங்கள் அவை. சீனர்கள், ஜாவாக்காரர்களோடு நம்மவர்களும் அங்கே போய் வண்டி ஓட்டினார்கள், சாலை போட்டார்கள். மேடான் நகரத்தில் 1884-ல் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. ஆக, திண்டுக்கல்லில் ஒருத்தர் சுருட்டிய சுருட்டின் மேலிலையைக் கப்பல் ஏற்ற வண்டியில் கொண்டுபோனது அவருடைய பங்காளியாகக்கூட இருந்திருக்கலாம்.

கியூபாவைப் பார்த்து நான் பொறாமைப்படுவது சுருட்டின் ருசிக்காக இல்லை. 1865-ல் ஹவானாவின் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில், சுருட்டுகிறவர்கள் வேலை செய்யும்போது ஒருத்தர் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். செய்தித்தாள், பிறகு நாவல். படிப்பவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி இல்லை, தொழிலாளிகளே தங்கள் சம்பளத்தில் போட்டுக் கொடுத்தார்கள். மறுவருஷமே ஸ்பானிய அரசு இதைத் தடை செய்தது என்றால், அங்கே என்ன விஷயம் காதில் விழுந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தடை நிற்கவில்லை, வழக்கம் நின்றது. ‘மாண்டெகிறிஸ்டோ’ என்கிற பிராண்ட், தொழிலாளிகள் கேட்டு ரசித்த டூமாஸ் நாவலின் பெயர் என்பார்கள். சுருட்டுகிற கைகளின் விருப்பம் டப்பா மேல் ஏறியிருக்கிறது. நம் டப்பாவில் திண்டுக்கல் பூ.

வெள்ளைக்காரர்கள் போனபின் அந்தச் சந்தையும் போனது. மிச்சத்தைப் பீடியும் சிகரெட்டும் எடுத்துக்கொண்டன. எங்கள் வீட்டில் கடைசியாகச் சுருட்டு பிடித்தவர் பெரியப்பா. “புகையை உள்ள இழுக்கலடா, வாயோட சரி, ஒண்ணும் பண்ணாது” என்பார். கன்னத்துக்குள் புண் வந்தபோதும் அதையேதான் சொன்னார். வாய்ப்புற்றுநோய்க்குப் புகை நுரையீரல்வரை போக வேண்டியதில்லை என்பது எங்களுக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. ‘ஹோம்ஸுக்கே தெரிஞ்ச சுருட்டு’ என்று நான் முதலில் ஓடிப்போய்ச் சொன்னது அவரிடம்தான். அன்றைக்கு ரெண்டு சுருட்டு கூடப் பிடித்தார்.

இப்போதும் சுருட்டை விடாமல் வாங்குகிறவர் ஒருவர் உண்டு: கருப்பசாமி. முனியாண்டியும் சுடலைமாடனும்கூட. ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வத்துக்குச் சாராயமும் சுருட்டும் படையல். கியூபாவில் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த மக்கள் கும்பிடும் எலெகுவா என்ற தெய்வத்துக்கும் ரம்மும் சுருட்டுப் புகையும்தான். அவரும் வாசலிலும் முச்சந்தியிலும் நிற்கிற காவல்காரர். இரண்டு பேருக்கும் யாரும் போய்ச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆடி மாசம் குலதெய்வத்துக்குப் போகும் வழியில் உறையூரில் ஒரு சின்னக் கடையில் கட்டு வாங்கினேன். பெரியவர் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே கேட்டார்: “தம்பிக்கா, சாமிக்கா?”

“சாமிக்குத்தாங்க ஐயா.”

“அப்ப கொஞ்சம் தடியானதா எடுத்துக்குங்க” என்று மாற்றிக் கொடுத்தார்.