மண்ணை உணராத பாதம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகேறுவோர் தம் காலடியை அதிகம் பார்ப்பதில்லை. அலையில் ஏறியிறங்கும் படகின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதை உள்ளங்காலே சொல்லிவிடும். செயற்கைக் கால் அணிந்தவர் ஏறும்போது கவனித்தால் வேறுபாடு தெரியும். அவர் கால் வைக்கவேண்டிய இடத்தை முதலில் பார்ப்பார். வைத்தபின் மீண்டும் குனிந்து பார்ப்பார். பாதம் செய்யவேண்டிய வேலையைக் கண் செய்கிறது. பத்திரிகைப் பணி நிமித்தம் அத்துறையில் நின்ற நாள்களில் கண்ட இக்காட்சியே இக்கட்டுரைக்குக் காரணம்.

1990 ஆகஸ்டில் படையினர் ஊர்காவற்றுறையில் இறங்கியதைத் தொடர்ந்து, தீவக மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். 1992 ஆகஸ்ட் 8 அன்று அத்தீவின் அராலித்துறையில் நிகழ்ந்த கண்ணிவெடித் தாக்குதலில் தளபதி டென்சில் கொப்பேகடுவ உயிரிழந்த செய்தி உலகெங்கும் சென்றது. ஆனால் வடக்கின் வயல்களிலும் வேலியோரங்களிலும் மிதிவெடியில் காலை இழந்த கமக்காரரும் சிறுவரும் பெரும்பாலும் எங்கள் நாளிதழ்களின் உட்பக்கங்களில் இரண்டு வரிச் செய்தியாகவே முடிந்துபோயினர்.

மிதிவெடி என்பது என்ன? சில கிலோ அழுத்தத்தை உணர்ந்து வெடிக்கும் சிறு கருவி. அதாவது, அதுவும் ஒரு தொடுவுணரியே. மனிதப் பாதம் தன்மேல் படுவதை அது பிழையின்றி அறிந்தது. அதற்குப் பலியான காலுக்கு ஈடாகக் கிடைத்த காலோ மண்ணைத் தொட்டும் அறியாதது.

அந்த ஈடும் எளிதில் வந்ததன்று. 1960களின் பிற்பகுதியில், இராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் சவாய் மான்சிங் மருத்துவமனையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் சேர்ந்து ரப்பர் பாதம் ஒன்றை உருவாக்கினர். மேனாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்து அணிபவருக்காகச் செய்யப்பட்டவை. ஜெய்ப்பூர் கால் வெறுங்காலுடன் நடக்க, குந்தியிருக்க, சேற்றிலும் நீரிலும் இறங்க ஏற்றது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. 1987இல் யாழ்ப்பாணத்திலேயே ஜெய்ப்பூர் கால் நிலையம் தொடங்கியது. போருக்கிடையிலும் அது இயங்கியது. கால் இழந்த ஒருவர் கமத்துக்கும் கடலுக்கும் திரும்பவும், பாதரட்சையின்றி நயினை நாகபூசணி அம்மன் வீதியை வலம் வரவும் இக்கால் துணை நின்றது. ஆயினும் வீதியின் சுடுமணல் அந்தப் பாதத்துக்குச் சுட்டதில்லை.

உயிர்களை அறிவின்படி வகுத்த தொல்காப்பியம், புல்லுக்கும் மரத்துக்கும் உரிய முதல் அறிவாக உற்றறிவையே, அதாவது தொடுவுணர்வையே வைத்தது. முதலாவதான இவ்வறிவின் மூலக்கூற்று அடிப்படையை விஞ்ஞானம் விளங்கிக்கொண்டதோ அண்மையில்தான். அழுத்தத்தை உணரும் புரதங்களை 2010இல் கண்டறிந்த ஆர்டெம் பட்டப்பூட்டியன், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். போர் நடந்த பெய்ரூட்டில் பிறந்து, இளைஞராக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர்.

செயற்கைத் தோலின் கதை முதலில் இயந்திர மனிதர்களைச் சுற்றியே எழுந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தக்காவோ சோமேயா குழுவினர் 2004இல், வளையக்கூடிய பிளாஸ்டிக் படலத்தில் கரிமச் சேர்மங்களாலான டிரான்சிஸ்டர்களைப் பதித்து, அழுத்தம் பட்டால் மின்தடை மாறும் ரப்பரை அவற்றுடன் இணைத்தனர். ரோபோவின் உடலைப் போர்த்தக்கூடிய தோல் இது. ஈழத்தவர் இலத்திரனியல் தோல் என்போம். தமிழகத்தார் மின்னணுத் தோல் என்பர். 2010இல் ஸ்டான்ஃபோர்டின் செனான் பாவோ குழு, நுண்ணிய கூம்புகள் கொண்ட ரப்பர்ப் படலத்தால் ஓர் ஈயின் எடையையும் உணரச் செய்தது. 2018இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் செயற்கைக் கைவிரல்களுக்கு அத்தகைய உறையை அணிவித்து, அதன் குறிப்பை, எஞ்சிய கையின் நரம்புகளுக்கு மின்தூண்டலாக அனுப்பினர். கூர்மையான பொருள் பட்டபோது, கையிழந்தவர் இல்லாத கையில் வலியை உணர்ந்தார். வலியும் ஒரு காவல் அல்லவா?

தீவகத்துக்கு மிக நெருங்கிய சோதனை 2019இல் வெளியானது. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஸ்தானிஷா ரஸ்போபோவிச் குழுவினர், முழங்காலுக்கு மேல் காலை இழந்த இருவரின் செயற்கைப் பாதத்தின் கீழ் அழுத்த உணரிகளைப் பொருத்தி, தொடை நரம்பில் வைத்த மின்முனைகளுடன் இணைத்தனர். இருவரும் மணலில் முன்னைவிட விரைவாக நடந்தனர். இல்லாத காலில் எழும் அந்த விளக்கமுடியா வலியும் அவர்களுக்குக் குறைந்தது.

மணலில் நடந்தார்கள் என்பதை வாசித்தபோது என் நினைவு குறிகட்டுவானுக்குச் சென்றது. ஆனால் இதற்குச் சத்திரசிகிச்சை வேண்டும், மின்கலம் வேண்டும், பழுதானால் பார்ப்பதற்கு வல்லுநர் வேண்டும். உப்புக்காற்றும் வியர்வையும் நுண்மின்கம்பிகளுக்குப் பகை. ஜெய்ப்பூர் கால் வென்றது நுட்பத்தின் உயர்வால் மட்டுமன்று. அணிபவரின் வாழ்வைக் கேட்டறிந்து செய்ததாலும், உள்ளூர்ப் பட்டறையில் செய்து உள்ளூரிலேயே திருத்த முடிந்ததாலும் அது வென்றது. இலத்திரனியல் தோல் செய்வோர் இவ்வரலாற்றைப் படித்தல் நன்று.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. ஆனால் வெடியை அகற்றுவதோடு கடன் தீர்வதில்லை. மனிதக் காலை அறிந்து வெடிக்கும் கருவியைச் சில ரூபாய்க்குச் செய்யத் தெரிந்த உலகம், மண்ணை அறியும் காலையும் ஏழைக்கு எட்டும் விலையில் செய்ய வேண்டும். அந்தக் கால் தன் தகுதியை ஆய்வுகூடத் தரையில் காட்டினால் மட்டும் போதாது. நெடுந்தீவின் பவளக் கற்கள் மீது நடக்கட்டும். அணிந்தவர் கீழே பாராமல் படகேறும் நாளில்தான் அது கால் எனப்படும்.