மவுண்ட் ஹாரியட்: மலையும் பெயரும்

சாத்தாமில் படகேறி, பாம்பூ ஃபிளாட்டில் இறங்கி, புளிசோற்று மூட்டையோடு நம் குடும்பங்கள் போய்வரும் காடு இது. போன தடவை பேத்தி கேட்டாள்: "ஹாரியட்னா யாரு தாத்தா?"

1862-இல் கைதிக் குடியேற்றத்தின் தலைமை அதிகாரியாக வந்த ராபர்ட் டைட்லரின் மனைவி. பிற்பாடு வெள்ளை அதிகாரிகளுக்கு இதுவே கோடை வாசஸ்தலம். 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ இங்கு அஸ்தமனம் பார்த்துவிட்டு இறங்கினார். அடிவாரத்து ஹோப்டவுன் துறையில் ஷேர் அலி என்னும் கைதி அவரைக் குத்திக் கொன்றார். 1891 போரில் தோற்ற மணிப்பூர் மன்னர் குலசந்திராவும் அவரைச் சேர்ந்தவர்களும் இம்மலையில்தான் காவலில் இருந்தனர். அதனாலேயே 2021-இல் இது மணிப்பூர் மலை ஆயிற்று.

பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கக் காட்சியை இங்கிருந்து பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். நாம் காற்று வாங்கும் இடத்தில் காவலில் கிடந்தவர்களையும் சொல்லி வைப்போம்.